பாறைக் கிணறும் எங்கள் பற்களும்

எங்கள் வீட்டில் அக்காவும் நானும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்போம். அப்படிச் சிரிக்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கொட்டாஞ்சேனைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் கிழமையே அது தானாக வந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு ‘வெத்திலை’ என்று பட்டம் வைத்தார்கள். நான் வெற்றிலை போட்டதே கிடையாது. ஆனால் என் மேல் முன்பற்களைப் பார்த்தவர்கள் வேறு எதையும் நினைத்திருக்க முடியாது. பல்லில் பாதி சுண்ணாம்பு பூசியது போல மங்கிய வெள்ளை. மீதி, தேநீர் குடித்துக் கழுவாமல் விட்ட கோப்பையின் உட்புறம் போல மண்ணிறம். அக்காவுக்கு என்னைவிட மோசம். மேல் வரிசையில் நாலு பல்லிலும் குறுக்கே கோடு கோடாகக் கறை.

அம்மா சும்மா இருக்கவில்லை. உமிக்கரி, உப்பு, தேசிக்காய்த் தோல், கடைசியில் செங்கல் தூள்கூட. காலையில் கிணற்றடியில் எங்களை நிறுத்தி வைத்துத் தானே தேய்த்து விடுவார். ஈறில் இரத்தம் வரும், கறை மட்டும் அசையாது. “கொஞ்சம் வெளிச்ச மாதிரித்தான் கிடக்கு” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அக்கா கண்ணாடியைப் பார்க்காமலே தலையாட்டிவிட்டுப் போவாள்.

நாங்கள் பிறந்தது கொழும்பில் அல்ல. அப்பா றெயில்வேயில் கிளாக்கர். அநுராதபுரத்தைத் தாண்டி, வவுனியாவுக்கு முன்னால், காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் அவருக்குப் பல வருஷம் வேலை. ஸ்டேஷனை ஒட்டி நாலு வீடுகள்: ஸ்டேஷன் மாஸ்டருடையது, எங்களுடையது, சிங்களவரான சிக்னல்காரருடையது, சாமான் ஏற்றி இறக்கும், முஸ்லிமான போட்டருடையது. நாலு வீட்டுக்கும் ஒரே கிணறு. வெடி வைத்துக் கரும்பாறையைப் பிளந்து தோண்டிய ஆழக் கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். தோண்டும்போது வெளியே போட்ட கற்கள் கிணற்றைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. அவற்றில் காக்காய்ப்பொன் மின்னும். அந்த மினுங்கல் தகடுகளை நகத்தால் உரித்து எடுத்து நானும் அக்காவும் ‘காசு’ என்று விளையாடுவோம்.

பக்கத்துக் கிராமத்துச் சனங்கள் குளத்துத் தண்ணீரைத் துணியால் வடித்துக் குடித்தார்கள். அது மண் கலங்கி, தவளை கத்தும் தண்ணீர். அம்மாவுக்கு அதைப் பார்க்கவே குமட்டும். தன் பிள்ளைகள் பளிங்கு போன்ற கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

எங்களுக்குப் பால் பல் விழுந்து மறுபல் முளைத்தபோதுதான் கறை தெரிந்தது. முதலில் அக்காவுக்கு, பிறகு எனக்கு. ஸ்டேஷனில் எல்லோரும் அதற்கு ஒரே காரணம் சொன்னார்கள்: கரிக்கோச்சிப் புகை, றெயில் இஞ்சின் கக்குகிற கரிப்புகை. வாசலில் நின்று கோச்சிக்குக் கை காட்டுகிற பிள்ளைகளின் வாயில் புகை போய்ப் படிகிறது என்றார்கள். அம்மா அதை நம்பினார். கோச்சி வரும் நேரம் எங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்.

தங்கச்சி தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவுக்குக் கொழும்பில் தெமட்டகொடை றெயில்வே யார்டுக்கு மாற்றம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் கடைசியில் வீடு எடுத்தோம். குளிக்கக் கிணறு, குடிக்க ஒழுங்கை முனையில் பைப் தண்ணீர். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

அக்கா நன்றாகப் பாடுவாள். கோயிலில் அல்ல, சபையில் அல்ல, குசினியில். தேங்காய் துருவும்போது அவள் பாடினால் அடுத்த வீட்டுக்காரி தன் வேலையை நிறுத்திவிடுவாள். யாராவது எட்டிப் பார்த்தால் அக்காவின் வாய் மூடிக்கொள்ளும்.

அவளுக்கு இருபது வயதானபோது வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. தகப்பன் இல்லை. தாயும் மகனும், கூடவே தரகரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார்கள். அக்கா நீலச் சேலை கட்டிக்கொண்டு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கேட்டதற்கெல்லாம் உதட்டைப் பிரிக்காமல் பதில் சொன்னாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மாப்பிள்ளையின் தாய், “பிள்ளை பாடும் எண்டு கேள்விப்பட்டனான். ஒரு பாட்டுப் படியும் பாப்பம்” என்றார்.

அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பாடத் தொடங்கினாள். பாட்டுக்கு வாயைத் திறக்க வேண்டும் அல்லவா. முழுப் பாட்டையும் பாடினாள். மாப்பிள்ளை கோப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தாயின் பார்வை மட்டும் அக்காவின் வாயை விட்டு நகரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் தனியாக வந்தார். சாதகம் பொருந்தவில்லையாம். அம்மா விடவில்லை. “நீங்கள்தானே பொருத்தம் பாத்துக் கொண்டு வந்தனீங்கள்” என்று கேட்டார். தரகர் குரலைத் தாழ்த்தினார்.

“வெளியில அப்பிடித்தான் சொல்லுவினம் அம்மா. உண்மை அதில்லை. பல்லுத்தான். மூத்ததுக்கும் அப்பிடி, இளையதுக்கும் அப்பிடி. பரம்பரை வருத்தம், நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்கும் வரும் எண்டு தாய்க்காரி பயப்பிடுறா.”

அவர் போன பிறகு அம்மா சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். அக்கா அழவில்லை. பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவிடம் நேராகச் சொன்னாள்.

“அப்பா, என்னைப் பல்லு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. முன்பல்லு எல்லாத்தையும் கழட்டிப்போட்டுக் கட்டுப்பல்லு வைக்கலாம்.”

“விசர்க் கதை கதையாதை” என்றார் அப்பா.

“விசர் இல்லை. கன பேர் செய்யினம். செங்கல் தூள் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு இரத்தம் துப்பினது போதும்.”

அவள் ஒன்றைத் தீர்மானித்தால் யாராலும் மாற்ற முடியாது. அடுத்த மாதம் முதல் கிழமை போவதென்று அப்பா அரைமனதாக ஒத்துக்கொண்டார். அந்த வழியில் அடுத்த ஆள் நான்தான் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் என் நாக்கு முன்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் தங்கச்சிக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்தன. கீழே இரண்டு மறுபற்கள் ஏற்கெனவே வெள்ளையாக வந்திருந்தன. அம்மா அதை நம்பவில்லை. எனக்கும் கீழ்ப்பற்களில் கறை குறைவுதான். மேல் முன்பல் வரட்டும், அப்போது தெரியும் என்று அதற்காகப் பயத்தோடு காத்திருந்தார். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்த தங்கச்சி யன்னல் ஓரம் நின்று வாழைப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. மேல் ஈற்றில் புதுப் பல் ஒன்று பாதி இறங்கியிருந்தது.

“வாயைத் திற” என்றேன்.

“பழம் இருக்கு.”

“பழத்தை விழுங்கிப்போட்டுத் திற.”

தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கறை இல்லை. சுண்ணாம்புப் பூச்சும் இல்லை. பல் வழுவழுப்பாக, மல்லிகை மொட்டு நிறத்தில் இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல. இவளுக்கு மட்டும் ஏன் என்ற எரிச்சல்தான். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே உமிக்கரி. அந்த எரிச்சலே கேள்வியாக மாறியது. ஒரே தாய் தகப்பன் என்றால் பரம்பரை என்பது எங்கே வந்தது? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூடப் பற்கள் வெள்ளைதானே?

அப்படியானால் புகையா? அப்பா தெமட்டகொடை யார்டிலிருந்து வரும்போது சட்டைக் கழுத்துப்பட்டி கறுத்துப் போயிருக்கும். அங்கே ஒரு மணித்தியாலத்தில் வருகிற புகை, எங்கள் பழைய ஸ்டேஷனில் ஒரு கிழமைக்கும் வராது. அப்பாவோடு அங்கே போய், கோச்சிப் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் ஷண்டிங்கைப் பார்ப்பது தங்கச்சிக்குப் பிடித்த விளையாட்டு. புகையால் பல் கெடுமென்றால் முதலில் கெட வேண்டியது அவளுடையது.

அப்போதுதான் மற்ற வீடுகளின் நினைவு வந்தது. சிக்னல்காரர் எங்களுக்குப் பிறகு சில மாதத்திலேயே மாற்றலாகித் தெமட்டகொடையில் றெயில்வே வீட்டில் இருந்தார். போட்டரும் அதே வருஷம் வேலையை விட்டுவிட்டு மாளிகாவத்தையில் மனைவியின் உறவுக்காரரோடு வந்து இருந்தார். அப்பாவிடம் இரண்டு வீட்டுக்கும் வழி கேட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை காலை புறப்பட்டேன். பல்லைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

சிக்னல்காரரின் மனைவி என்னைக் கண்டதும் “எண்ட, துவே”, வா மகளே, என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சுகம் விசாரித்தேன். மூத்த மகள் வந்து சிரித்தாள், என்னைப் போலவே, வாயை மூடிக்கொண்டு. வெட்கத்தை விட்டு என் உதட்டைத் தூக்கி என் பல்லைக் காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் உதட்டைத் தூக்கினாள். அதே கறை, அதே கோடு. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொழும்புக்கு வந்த பிறகு பிறந்த அவளுடைய தம்பிக்கு அப்போது மறுபல் முளைத்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். வெள்ளை.

மாளிகாவத்தையில் போட்டரின் மனைவி என்னை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார். விஷயத்தைச் சொன்னதும் தன் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்.

“மூத்த ரெண்டுக்கும் இப்பிடித்தான் ஈக்கி. கடைக்குட்டிக்கு ஒண்டும் இல்ல, பாருங்க. கரிப்பொகதான் காரணம்னு நெனச்சிட்டு ஈந்தோம்.”

“கடைக்குட்டி இங்கையோ பிறந்தது?”

“ஓம் மகள். இங்க வந்து ரெண்டு மாசத்துல பொறந்தான்.”

திரும்பி வரும்போது வழி முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்த மூன்று வீடுகளுக்கும் இரத்த உறவு கிடையாது. எங்கள் வீட்டில் மரக்கறி, போட்டர் வீட்டில் மாட்டிறைச்சி, சிக்னல்காரர் வீட்டில் பலாக்காயும் கருவாடும். அரிசிகூட வேறு வேறு கடையில் வாங்கியது. மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. அதை வெயில் என்று சொன்னால் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அதே வெயில்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பற்கள் வெள்ளை. அவர்கள் குடித்தது தவளை கத்தும் குளத்துத் தண்ணீர். நாங்கள் குடித்தது கரும்பாறைக்குள்ளிருந்து ஊறிய அந்தப் பளிங்குத் தண்ணீர். மாளிகாவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் ஒரு தெருவில் நான் நின்றே விட்டேன். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரர் மணியை அடித்து என்னை ஒதுக்கினார்.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் கோபப்பட்டார். “அந்தத் தண்ணிக்கு என்ன குறை? அடியில ஊசி விழுந்தாலும் தெரியும்.” அக்கா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வந்தாள். பிறகு தங்கச்சியைக் கூப்பிட்டு, அவள் வாயைத் தானே திறந்து நெடுநேரம் பார்த்தாள்.

“சரி. டொக்டரிட்டைப் போவம்” என்றாள். “கழட்ட முதல் இதைக் கேப்பம்.”

பல்லு டொக்டர் ஒரு பறங்கியர், இளம் ஆள். ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டுப் பின்னேரத்தில் புறக்கோட்டைக்குப் பக்கத்தில் சொந்தமாகவும் ஒரு இடம் நடத்தினார். அவர் பேசியது இங்கிலீஷ். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அன்றுதான் எனக்கு உண்மையாக உதவியது. அக்காவைச் சாய்வு நாற்காலியில் இருத்தி, சின்னக் கண்ணாடியால் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், கொக்கி போன்ற கருவியால் ஒவ்வொரு பல்லையும் தட்டினார்.

“எதைக் கழட்ட வேண்டும்?” என்று கேட்டார்.

“முன்பல் எல்லாவற்றையும்” என்றேன்.

“இந்த வாயில் ஒரு சொத்தைப் பல்கூட இல்லை. கொழும்பில் நான் பார்க்கிற வாய்களில் இது அபூர்வம். இதைக் கழட்ட நான் மாட்டேன். நீங்கள் எந்த ஊரில் வளர்ந்தீர்கள்?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டேஷன், நாலு வீடுகள், கிணறு, குளத்துத் தண்ணீர் குடித்த பிள்ளைகள், தங்கச்சி, தெமட்டகொடை, மாளிகாவத்தை. அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்து என் எதிரே இருந்தார். கிணறு எவ்வளவு ஆழம், பாறை என்ன நிறம் என்று கேட்டார். அது கறுப்பு, காக்காய்ப்பொன் மின்னும் என்றேன். காக்காய்ப்பொன்னுக்கு இங்கிலீஷில் என்னவென்று தெரியாமல் நகத்தால் உரிக்கும் தகடு என்று விளக்கினேன். அவர் கையைத் தொடையில் தட்டிக்கொண்டார்.

அமெரிக்காவில் சில ஊர்களில் இப்படிப் பற்கள் இருந்தன, காரணம் தண்ணீரில் இருந்தது என்று தான் வாசித்திருப்பதாகச் சொன்னார். சில பாறைகளில் புளோரைட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் வருஷக்கணக்காகத் தங்கும்போது அது கரைந்து தண்ணீரில் சேர்கிறது. ஈற்றுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேல்பூச்சு இப்படி மாறிவிடும். பெரியவர்கள் குடித்தால் பல்லில் ஒன்றும் தெரியாது. குளத்துத் தண்ணீர் மழைத் தண்ணீர், அது பாறைக்குள் போய்த் தங்குவதில்லை. இலங்கையில் இதை யாராவது தேடிப் பார்த்தார்களா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

“தேய்த்தால் போகுமா?” என்று கேட்டேன்.

“போகாது. இது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. பல் அப்படியே உருவாகியிருக்கிறது. செங்கல் தூளை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.”

அக்கா இங்கிலீஷில் அதிகம் பேச மாட்டாள். அன்று அவளே கேட்டாள். “என் பிள்ளைகளுக்கு வருமா?”

“அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்து வளர்த்தால் வரும். கொழும்புத் தண்ணீரில் வளர்த்தால் வராது. உங்கள் தங்கச்சியைப் பாருங்கள்.”

அக்கா நாற்காலியை விட்டு எழும்பினாள். சேலையைச் சரி செய்துகொண்டாள். “கழட்டத் தேவையில்லை” என்று அப்பாவிடம் தமிழில் சொன்னாள், ஏதோ அப்பாதான் கழட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவர் போல.

டொக்டருக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது. அப்பா வடக்குக் கோச்சியில் கொடி காட்டிப் போகும் கார்ட் ஒருவரிடம் சொல்லி, கழுவிய போத்தலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுப்பித்தார். டொக்டர் அதைத் தனக்குத் தெரிந்த ஒரு இரசாயனக்காரரிடம் கொடுத்துப் பரிசோதிப்பித்தார். சில கிழமைக்குப் பிறகு அவரே எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, வாசலில் நின்றபடியே சொன்னார்: “நீங்கள் சொன்னது சரி. புளோரைட் நிறைய இருக்கிறது.” அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். உள்ளே போய், செங்கல் தூள் வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து வேலியோரம் கவிழ்த்தார்.

அப்பா அதிகம் பேசாத மனுஷர். சண்டை பிடிக்கவும் தெரியாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டி, கோட்டுப் போட்டுக்கொண்டு, என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் புறப்பட்டார். “சம்பந்தம் கேக்கப் போகேல்லை” என்று அம்மாவிடம் சொன்னார். “என்ர பரம்பரையைப் பற்றிச் சொன்னதுக்குப் பதில் சொல்லப் போறன்.”

கடலோரக் கோச்சியில் போய் இறங்கி நடந்தோம். மாப்பிள்ளையின் தாய் எங்களைக் கண்டு திடுக்கிட்டாலும் மரியாதையாகவே “வாங்கோ, இருங்கோ” என்றார். சீனி தூக்கலாகத் தேநீர் வந்தது. அவர் பேசும்போதுதான் கவனித்தேன், அவருடைய முன்பற்கள் கட்டுப்பல்.

“சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லி அனுப்பினனாங்கள் தானே” என்றார்.

“நான் சாதகத்தைப் பற்றிக் கதைக்க வரேல்லை அம்மா” என்றார் அப்பா. “எங்கட பரம்பரையில வருத்தம் எண்டு சொன்னீங்களாம். இது என்ர கடைசிப் பிள்ளை. மூத்த இரண்டு பேரும் பாறைக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவையள். இவள் கொழும்புப் பைப் தண்ணி குடிச்சு வளந்தவள். வித்தியாசம் அவ்வளவுதான். பாருங்கோ.”

தங்கச்சிக்குக் கூச்சம் என்பதே கிடையாது. அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, சிங்கம் கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தாள். அப்போது மேலே இரண்டு பற்களும் முழுதாக இறங்கியிருந்தன. அந்த அம்மா குனிந்து பார்த்தார். நான் டொக்டர் சொன்னதை, தண்ணீரைப் பரிசோதித்ததை, மற்ற வீட்டுப் பிள்ளைகளை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். வாயை மறைக்கவில்லை.

உள் அறைக் கதவடியில் மாப்பிள்ளை வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

“அம்மா, சாதகம் எண்டல்லோ எனக்குச் சொன்னீங்கள்” என்றார்.

தாய் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

“எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பல்லை நான் அண்டைக்கே கண்டனான்.” பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். “ஐயா, வாற ஞாயிற்றுக்கிழமை நான் உங்கட வீட்டை வரலாமோ? உங்கட மகளோட நேர கதைக்க வேணும்.”

“அதை அவளிட்டைத்தான் கேக்க வேணும்” என்றார் அப்பா. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க யோசித்தாள். சனிக்கிழமைதான் “வரட்டும்” என்றாள்.

அவர் வந்தார். அம்மாவும் அப்பாவும் குசினிக்குப் போய்விட்டார்கள். துணைக்கு என்று என்னை முன் அறையில் விட்டிருந்தார்கள். அக்கா இந்த முறை தேநீர் கொண்டுவரவில்லை. வந்து அவருக்கு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

“இது போகாது” என்றாள். “டொக்டர் சொல்லிப்போட்டார். சாகுமட்டும் இப்பிடித்தான் இருக்கும். நான் இனி வாயை மூடிக்கொண்டு இருக்கவும் மாட்டன். அது உங்களுக்கும் உங்கட அம்மாவுக்கும் சரியெண்டால் சொல்லுங்கோ.”

“அம்மாவோட நான் கதைச்சிட்டன். அவவும் வந்து உங்களிட்டைச் சொல்லுவா” என்றார் அவர். “நான் அண்டைக்குப் பாட்டைக் கேட்டிட்டுத்தான் வீட்டை போய் ஓம் எண்டனான். இண்டைக்கும் ஓம்தான்.”

அக்கா சிரித்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் பற்கள் முழுவதும் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

கலியாணம் கொட்டாஞ்சேனையில்தான் நடந்தது. போட்டரின் குடும்பமும் சிக்னல்காரரின் குடும்பமும் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் முன்னதாகவே வந்து, அக்காவின் கையைப் பிடித்து, “நான் பயந்துபோய்ச் சொன்னது பிள்ளை, மனசில வைக்காதையும்” என்றார். அக்கா வைக்கவில்லை. போட்டோப் பிடித்தவர் மணப்பெண்ணைக் கொஞ்சம் வாயை மூடச் சொன்னார். அக்கா கேட்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அப்பாவுக்கு ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அந்தக் கிணறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கிணற்றடி வீடுகளில் புதிய குடும்பங்கள் இருக்கின்றன. அப்பா தன் றெயில்வே பாஸில் ஒருமுறை அங்கே போனார். அப்போதிருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான். அப்பா அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாராம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயைப் பார்த்தார். பிறகு, “வேற தண்ணிக்கு நாங்கள் எங்கை போறது?” என்று கேட்டார்.

வழியைக் கண்டுபிடித்தது கோச்சிக்காரர்கள். சில மைல் தள்ளி, குளத்தை ஒட்டிய பெரிய ஸ்டேஷனில் இஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்புவார்கள். அது குளத்துத் தண்ணீர். கார்ட்மார் அங்கே மூடி போட்ட தகரக் கான்களில் தண்ணீர் பிடித்து வந்து, எங்கள் பழைய ஸ்டேஷனில் இறக்கி, வெறும் கான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. ஒருவர் லீவில் போனால் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போவார். கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் ஸ்டேஷன் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும் என்றாகியது. அது உலகச் சண்டைக்காலம், கோச்சிகள் நிரம்பி வழிந்த காலம். அப்போதும் கான்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

நான் படித்து முடித்து ஆசிரியை ஆனேன். வேலைக்குக் கேள்வி கேட்டவர்களில் ஒரு அம்மையார், பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் எடுக்க வேண்டியவள் பல்லை இப்படி வைத்திருக்கலாமா என்றார். நான் அவருக்குப் பாறையிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். அவர் நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. வேலை கிடைத்தது. சுகாதாரப் பாடமும் எனக்கே கிடைத்தது. மண்ணும் கல்லும் நம் உடம்புக்குள் வந்து போகின்றன என்று வகுப்பில் சொல்வேன். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என் பல்லைப் பார்க்க முண்டியடிப்பார்கள். நான் காட்டுவேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குப் பட்டம் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஒருநாள் காலை எங்கள் வாசலில் ஒரு பெண்ணும் சின்னப் பிள்ளையும் வந்து நின்றார்கள். அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. கணவருக்குக் களனிப் பக்கம் மாற்றம் கிடைத்துக் குடும்பத்தோடு வந்திருந்தார். வீட்டைக்கூட ஒழுங்கு செய்யாமல், முதலில் எங்களைத் தேடிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்த அப்பா வெளியே வந்தார்.

அந்தப் பெண் பிள்ளையை முன்னால் தள்ளினார். “ஐயாவுக்குக் காட்டு மகள்.”

பிள்ளை வாயைத் திறந்தாள். மேலே நாலு மறுபற்களும் வந்திருந்தன. அந்தக் கிணற்றிலிருந்து கல்லெறி தூரத்தில் வளர்ந்த பிள்ளை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். நான் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

“மற்றப் பிள்ளையளுக்கு?” என்று அப்பா கேட்டார்.

“கான் தண்ணி குடிச்சு வளந்த எல்லாருக்கும் இப்பிடித்தான் ஐயா. இப்ப வந்த ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலயும் கைக்குழந்தை இருக்கு. கானைப் பற்றிச் சொல்லிக் குடுத்திட்டுத்தான் வந்தனான்.”

அப்பா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் மர வாங்கில் இருந்துகொண்டார். எந்தக் கார்ட் தண்ணீர் கொண்டுவருவார், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாய், கானை யார் இறக்குவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அம்மா தோசை வார்க்கத் தொடங்கினார். அன்று அப்பா யார்டுக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முப்பது வருஷ வேலையில் அவர் பிந்திப் போனது அன்று ஒருநாள்தான். ஏன் பிந்தியது என்று கேட்டவர்கள் எல்லோருக்கும், பின்னேரம் வரை, சலிக்காமல் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.